பன்னிரண்டு அழைப்புகளும் ஒரு மூக்கும்

ஏழு தளங்களும் அறுபத்து நான்கு வீடுகளும் கொண்ட அந்தக் கட்டடத்தில் வசிப்பவர்களுக்கு, மின்தூக்கி பழுதானால் மூன்று வாரம் பொறுக்கத் தெரியும். கைப்பேசிக்கு வந்த செய்தியை மூன்று நிமிடம் தம்மிடமே வைத்திருக்கத் தெரியாது. அவர்களுக்கென்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு உண்டு. ‘நம் குடும்பம்’ என்று அதற்குப் பெயர். பெயர் சூட்டியவர் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றி, சான்று போதவில்லை என்று எத்தனையோ பேருடைய விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பியவர். ஓய்வு பெற்ற அன்று மாலை, சான்று கேட்கும் பழக்கத்தை மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டி, சாவியையும் அலுவலகத்திலேயே ஒப்படைத்துவிட்டார் போலும். வெந்நீரில் எதையாவது கலந்து குடித்தால் மூட்டுவலி ஓடிவிடும் என்பார். நாளை முதல் எல்லாத் தொலைபேசி அழைப்புகளும் ஒட்டுக்கேட்கப்படும் என்பார். அடுத்த வாரம் சூரியன் ஆறு நாள் உதிக்காது என்பார். குடும்பத்தினர் அனைவரும் கூப்பிய கைகளை வரிசையாக அனுப்பி வைப்பார்கள். ஏழாவது நாள் சூரியனைக் கண்டு வெட்கப்பட்டவர் எவருமில்லை. முதல் நாளே அது உதித்துவிட்டிருந்தது என்பதையும் எவரும் கவனிக்கவில்லை.

இந்தக் குடும்பத்தில் ஒருத்திக்கு மட்டும் கேள்வி கேட்கும் கோளாறு இருந்தது. மூன்றாம் தளத்தில் குடியிருந்த அவள், நகரத் தீயணைப்புக் கட்டுப்பாட்டு அறையில் பகல்நேர மேற்பார்வையாளர். இருபத்தாறு ஆண்டுப் பணி. குழுவில் எந்தச் செய்தி வந்தாலும் அதன் கீழே இரண்டே சொற்களை எழுதுவாள்: “கண்டதா? கேட்டதா?”

அவளுக்கு அந்தக் கேள்வி எளிதில் வாய்த்ததன்று. பணியில் சேர்ந்த மூன்றாம் ஆண்டில், எரியும் வீட்டுக்குள் ஒரு குழந்தை இருப்பதாக ஒருவர் தொலைபேசியில் அலறினார். அவள் அதை அப்படியே வீரர்களுக்குச் சொன்னாள். இருவர் உள்ளே போய் அறை அறையாகத் தேடினார்கள். குழந்தை அன்று காலையிலேயே பள்ளிக்குப் போயிருந்தது. அலறியவர் அந்தத் தெருவிலேயே இல்லை; வழியில் யாரோ சொல்லக் கேட்டவர். தேடிய இருவரில் ஒருவருக்கு வலக்கை விரல்கள் மூன்று மடங்காமலே போயின. அன்றுமுதல் ஒவ்வோர் அழைப்பிலும், முகவரியைக் கேட்ட கையோடு அவள் கேட்பது இதைத்தான்: “நீங்க கண்ணால பாத்தீங்களா, இல்ல யாராவது சொன்னாங்களா?” பிறகு, “இப்போ எங்க நிக்கிறீங்க?” தனக்குக் கீழ் வேலை செய்யும் மூவருக்கும் அதையே பழக்கினாள்.

கட்டடத்தார் அவளுக்குக் ‘கண்டதா கேட்டதா’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மின்தூக்கியில் ஏறினால் போதும், ஏழாம் தளத்து டியூஷன் டீச்சர் தொடங்கிவிடுவார்.

“என்ன மேடம், இன்னிக்கு யாருக்கு விசாரணை?”

“நீங்க எதுவும் அனுப்பலைன்னா யாருக்கும் இல்ல, டீச்சர்.”

“நல்லதைத்தானே நாலு பேருக்கு அனுப்பறோம்? உண்மையா இருந்தா நல்லது. பொய்யா இருந்தா யாருக்கு என்ன போச்சு?”

“பசங்க பரீட்சையில தப்பா எழுதினாலும் இதைத்தான் சொல்வீங்களா?”

“ஐயோ, உங்ககிட்ட வாய் குடுத்து மீள முடியுமா?” என்று டீச்சர் ஏழாம் தளத்துப் பொத்தானை இன்னொரு முறை அழுத்துவார், அழுத்தினால் விரைவாகப் போய்விடும் என்பதுபோல. அதுவும் குழுவில் வந்த செய்தியாகவே இருக்க வேண்டும்.

அவளுடைய கணவர் மருந்து நிறுவனமொன்றின் கிடங்குப் பொறுப்பாளர். மனைவியின் இந்தப் பழக்கம் அவரைச் சங்கடப்படுத்தியது. “உனக்கென்ன, நீ கேள்வி கேட்டுட்டு டியூட்டிக்குப் போயிடற. படியில என்னைப் பாத்து ஒருத்தர் சிரிக்க மாட்டேங்கறாங்க” என்பார். அவர் சிரிப்புக்கு ஏங்கிய மனிதர்.

கட்டடத்தின் தரைத்தளத்தில் ஒரு சலவைக் கடை இருந்தது. அதை நடத்தியவரை எல்லாரும் லாண்டரிக்காரம்மா என்பார்கள். ஐம்பத்தைந்து வயது. பதினெட்டு ஆண்டுகளாக அதே இடத்தில் கடை, தனி ஆள். இரண்டு சலவை இயந்திரங்கள், நீராவி இஸ்திரிக்கென ஒரு சிறு கொதிகலன், அதற்கு ஓர் எரிவாயு உருளை. எந்தச் சட்டையில் எந்தப் பொத்தான் தளர்ந்திருக்கிறது என்பதை, சட்டைக்கு உரியவரைவிட நன்றாக அறிந்தவர். அந்த இடத்தை உடற்பயிற்சிக் கூடமாக்க வேண்டும் என்பது செயலாளரின் நெடுநாள் கனவு. நடந்தவற்றை அவர் திட்டமிட்டுச் செய்தார் என்று சொல்ல வரவில்லை. திட்டமிடுவதற்குச் சிறிதளவாவது சிந்தனை வேண்டும்.

கட்டுப்பாட்டு அறையின் நடைமுறைகளில் இரண்டை இங்கே சொல்லியாக வேண்டும். பணி நேரத்தில் சொந்தக் கைப்பேசிகளை வாசலில் உள்ள பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும் என்பது ஒன்று. ஒரே இடத்தைப் பற்றிப் பத்து நிமிடங்களுக்குள் மூன்று வெவ்வேறு எண்களிலிருந்து அழைப்பு வந்தால், அந்தச் செய்தியின்மேல் மேற்பார்வையாளர் ‘உறுதி’ என்று குறிக்க வேண்டும் என்பது மற்றொன்று. ஒற்றை அழைப்புக்கு ஒரு வண்டி போகும். உறுதியென்றால் இரண்டு வண்டிகள் போகும், பூட்டை உடைக்கவும் அனுமதி உண்டு. விதியை எழுதியவர்கள் மூடர்களல்லர். மூன்று தொலைபேசிகள் என்றால் மூன்று சன்னல்களிலிருந்து ஆறு கண்கள் பார்க்கின்றன என்று பொருள் கொண்ட காலத்தில் எழுதப்பட்டது அது.

ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று நாற்பதுக்கு முதல் அழைப்பு வந்தது. அவளுடைய கட்டடத்தின் சலவைக் கடையில் எரிவாயு கசிகிறது என்றார்கள். அடுத்த நிமிடம் இன்னொன்று. பிறகு மேலும் இரண்டு. மூன்று பணியாளர்களின் காதொலிக் கருவிகளிலும் ஒரே முகவரி. முன்னிருந்த பலகையில் எண் ஏறிக்கொண்டே போயிற்று: ஏழு, ஒன்பது, பன்னிரண்டு. அழைத்தவர்கள் எல்லாரும் தாமே முகர்ந்ததாகத்தான் சொன்னார்கள். எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்பதற்கு அந்த அமளியில் யாருக்கும் நேரமில்லை. தெரிந்த முகவரியாயிற்றே என்பதால் அவளுக்கு ஒரு கணம் கை தயங்கியது. தெரிந்தவர்களென்று சலுகை காட்டுகிறோமோ என்று தன்மீதே ஐயப்பட்டு, அந்தத் தயக்கத்தை அடக்கிக்கொண்டு, ‘உறுதி’ என்று குறித்தாள்.

லாண்டரிக்காரம்மா அந்நேரம் கடையைப் பூட்டிவிட்டு, இஸ்திரிப் பெட்டிக்கு உதிரிபாகம் வாங்கச் சென்றிருந்தார். ஆறிக்கொண்டிருந்த கொதிகலனின் நீராவி, இரும்புக் கதவின் அடியிலிருந்து இலேசாக வெளியே வந்துகொண்டிருந்தது. உறுதி என்ற சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்த வீரர்களுக்கு அது நீராவியாகத் தெரியவில்லை. கதவை உடைத்து, தண்ணீரைப் பாய்ச்சிவிட்டுத்தான் உள்ளே போனார்கள். கசிவுமானி ஒன்றுமில்லை என்றது. ஒரே ஓர் உருளை. அதன் வாயும் இறுக மூடியிருந்தது. துவைத்து மடித்து வைத்திருந்த இருநூற்றுச் சொச்சம் உடைகள் சேற்று நீரில் மிதந்தன. விதிப்படி கடைக்கு முத்திரை வைக்கப்பட்டது. நான்காம் நாள் தீயணைப்பு நிலைய அதிகாரி நேரில் வந்து விசாரித்து, உரிமத்தைத் தொடர்வதா, நீக்குவதா என்று முடிவு செய்வார் என்றார்கள்.

மாலை ஆறு மணிக்கு அவள் வீடு திரும்பியபோது, லாண்டரிக்காரம்மா உடைந்த கதவின்முன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“மேடம், கதவை உடைக்கச் சொன்னது யாரு?”

“நான்தான், அக்கா.”

“நீங்களா?” அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். “ஊர்ல எல்லாரையும் கண்டதா கேட்டதான்னு கேப்பீங்களே. என் நம்பர் உங்க போன்ல இருக்கு. ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“பன்னெண்டு பேர் கூப்பிட்டாங்க அக்கா.”

“பன்னெண்டு பேரும் மோந்து பாத்தாங்களா?”

பெட்டியிலிருந்து எடுத்த கைப்பேசியை அப்போதுதான் திறந்தாள். ‘நம் குடும்ப’த்தில் இருநூற்றுப் பத்துச் செய்திகள். கடைசியில் செயலாளர், சிவப்பு எழுத்துகளில் எழுதிய ஒரு படத்தை ஒட்டியிருந்தார்: “எரிவாயுக் கசிவு! தீயணைப்புத் துறையே உறுதி செய்தது!” கீழே கூப்பிய கைகள். இரண்டு மூன்று வீட்டார், நனைந்துபோன தங்கள் கோட்டுகளுக்கும் திரைச்சீலைகளுக்கும் கடைக்காரம்மாதான் பொறுப்பு என்று எழுதியிருந்தார்கள். வதந்திக்கு அரசாங்க முத்திரை குத்திக் கொடுத்தது தன்னுடைய விரல்தான் என்பது அவளுக்கு அங்கேயே, அந்த ஈரத் தரையில் நிற்கும்போதே புரிந்தது. அந்த முத்திரை இருக்கும்வரை கடை திறக்காது. அதைத் திரும்பப் பெறக்கூடியவளும் அவள் ஒருத்தியே.

மறுநாள் உணவு இடைவேளையில் பன்னிரண்டு பதிவுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டாள். அவளே எடுத்தவை இரண்டுதான். மற்றவற்றைப் பணியாளர்கள் பகிர்ந்து எடுத்திருந்தார்கள். தனித்தனியாகக் கேட்டபோது யாருக்கும் தோன்றாதது, சேர்த்துக் கேட்டபோது காதில் அறைந்தது. “அழுகின முட்டை நாத்தம், கண்ணு எரியுது, தலை சுத்துது.” பன்னிரண்டு குரல்களும் அதே மூன்று, அதே வரிசையில். இருபத்தாறு ஆண்டுகளில் ஒரு கசிவை இரண்டு பேர் ஒரே மாதிரி சொல்லி அவள் கேட்டதில்லை. ஒருவர் செத்த எலி என்பார்; ஒருவர் கெட்டுப்போன முட்டைக்கோஸ் என்பார்; ஒருவர் பக்கத்து வீட்டுக்காரர்மேல் பழி போடுவார். மூக்கு என்பது அவரவர் சொந்தப் பொருள். பன்னிரண்டு பேர் ஒரே வாக்கியத்தை முகர முடியாது. அதுவும், வீட்டு எரிவாயுவின் நாற்றத்துக்குக் கண் எரியாது. கதை கட்டியவருக்கு அதுகூடத் தெரியவில்லை.

அன்று மாலையும் மறுநாள் மாலையும் ஒரு குறிப்பேட்டுடன் படியேறினாள். முதலில் டியூஷன் டீச்சர்.

“டீச்சர், செவ்வாய்க்கிழமை மூணே முக்காலுக்கு எங்க நின்னுட்டு இருந்தீங்க?”

“இங்கதான், வீட்ல. மேடம், அது பெரிய ஆபத்து, நல்லவேளை நாம எல்லாரும்...”

“நாத்தம் வந்துச்சா?”

“வந்துச்சுன்னு போட்டிருந்தாங்களே.”

“உங்களுக்கு வந்துச்சா?”

“எனக்கு ரெண்டு மாசமா ஜலதோஷம் மேடம். காபி வாசனையே தெரியல.” சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது.

நால்வர் அலுவலகத்தில் இருந்திருக்கிறார்கள். இருவர் பேருந்தில். ஒருத்தி ஊரின் மறுகோடியில் அக்காள் வீட்டில். ஒருவர் தூங்கிக்கொண்டிருந்து, கைப்பேசி ஒலித்த சத்தத்தில் எழுந்து, கண்ணைத் திறக்குமுன் எண்ணை அழுத்தியிருக்கிறார். கண் எரிகிறது என்று சொன்னதில் அவர் ஒருவர்தான் ஓரளவு நேர்மையானவர். ஆறாம் தளத்தில் இருவர், சன்னல்களை அடைத்துக் குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு, ஆறு மாடிகளுக்குக் கீழே நடப்பதை முகர்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் செயலாளர்.

பன்னிரண்டாவது எண்ணைப் பட்டியலில் பார்த்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்ததா, அழுகை வந்ததா என்று சொல்வதற்கில்லை. தட்டில் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

“நீங்க எங்க நின்னீங்க?”

கணவர் நிமிரவில்லை. “கிடங்குலதான்.”

“பதினோரு கிலோமீட்டர். அங்கிருந்தே மோந்து பாத்தீங்களா? மூக்கா, தும்பிக்கையா?”

“எல்லாரும் கூப்பிட்டேன், கூப்பிட்டேன்னு போட்டாங்க. நான் மட்டும் சும்மா இருந்தா நல்லாவா இருக்கும்? அதுவும் உன் ஆபீஸ் நம்பர். தப்புன்னா நீ கேப்பேன்னு நெனச்சேன்.”

“கேட்டாங்களே. நீங்கதான் பாத்தேன்னு சொல்லியிருக்கீங்க. டேப்ல இருக்கு. கண்ணு எரியுதாமே?”

“அப்படித்தான் சொல்லணும்னு போட்டிருந்தாங்க” என்றார் அந்த மனிதர். மருந்துக் கிடங்கில் ஒவ்வோர் அட்டைப் பெட்டியையும் இரண்டு முறை சரிபார்க்காமல் உள்ளே விடாதவர் அவர்.

யார் போட்டிருந்தார்கள் என்று பின்னோக்கிப் போனாள். வேரைக் கண்டுபிடிக்க அரை மணிகூட ஆகவில்லை. யாரும் இதுவரை தேடாததே காரணம். வேறோர் ஊரில் உள்ள செயலாளரின் மைத்துனர், தம் ஊரில் ஒரு சலவைக் கடை வெடித்ததாக ஒரு காணொளியை அனுப்பியிருக்கிறார். அதில் எரிந்தது ஏதோ ஒரு பஞ்சுக் கிடங்கு. தரை முழுவதும் பனி கொட்டிக் கிடந்தது. அந்த ஊரில் எவரும் வாழ்நாளில் பனி மிதித்ததில்லை. செயலாளர் அதைக் குழுவில் போட்டு, “நம் கட்டடத்துக் கடையையும் கவனிக்க வேண்டும். அழுகின முட்டை நாற்றம், கண் எரிச்சல், தலைசுற்றல் இருந்தால் உடனே தீயணைப்புத் துறையை அழைக்கவும்” என்று எழுதியிருக்கிறார். அடுத்தவர், “நம் கடையில் கசிவாம்” என்று அதைச் சுருக்கினார். மூன்றாமவர் அந்தச் சந்தேகத்தையும் சிரமம் என்று விட்டுவிட்டார். நாற்பது நிமிடங்களில் வேலை முடிந்தது. ஆக, அந்தப் பன்னிரண்டு அழைப்புகளுக்கும் மொத்தமாக ஒரு மூக்கு. அதுவும் ஒன்றையும் முகரவில்லை.

நான்காம் நாள் காலை பத்து மணிக்கு நிலைய அதிகாரி வந்தார். கடை வாசலில் நாற்பது பேர் கூடியிருந்தார்கள். செயலாளர் கோப்பொன்றை நீட்டினார்.

“சார், நாங்க சும்மா சொல்லல. உங்க கட்டுப்பாட்டு அறையே உறுதின்னு குறிச்சிருக்கு. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?”

“குறிச்சது நான்” என்று அவள் முன்னே வந்தாள். “இப்போ திரும்ப எடுத்துக்கறேன்.”

பிறகு, குரலை உயர்த்தாமல், பதிவுகளிலிருந்து எழுதிக்கொண்டு வந்ததை நேரம் குறிப்பிட்டு வாசித்தாள். மூன்று நாற்பது: அழுகின முட்டை நாத்தம், கண்ணு எரியுது, தலை சுத்துது. மூன்று நாற்பத்தொன்று: அழுகின முட்டை நாத்தம், கண்ணு எரியுது, தலை சுத்துது. நான்காவதை வாசிக்கும்போது பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஏழாவதில், அழைத்தவர்களே சிரித்தார்கள்; தங்கள் முறை வந்ததும் நிறுத்திக்கொண்டார்கள். ஒவ்வொன்றின் அருகிலும், அழைத்தவர் நின்ற இடத்தையும் சொன்னாள். கணவரின் பெயரையும் பதினோரு கிலோமீட்டரையும் விடவில்லை.

“பன்னெண்டு பேருக்கும் ஒரே தலையா சுத்துச்சு?” என்றார் நிலைய அதிகாரி.

“முன்னெச்சரிக்கை தப்பா சார்?” என்றார் செயலாளர். “நாளைக்கே வெடிச்சா?”

“வாசனை வந்தா கூப்பிடுங்க. நூறு தடவை கூப்பிடுங்க, நாங்க வருவோம். வராத வாசனைக்கு எதுக்குக் கூப்பிட்டீங்க?” அதிகாரி அவள் பக்கம் திரும்பினார். “மேடம், நீங்க இதை எழுத்துல குடுத்தா, உங்க பணிப் பதிவேட்டுல ஏறும். தெரியுமில்ல?”

“ஏறட்டும் சார்.”

எழுதிக் கொடுத்தாள். கசிவுமானியின் அளவையும் உருளையின் நிலையையும் சேர்த்துக் குறித்துவிட்டு, அதிகாரி முத்திரையை அகற்றினார். உரிமம் தொடர்ந்தது.

ஒரு மணி நேரத்தில் ‘நம் குடும்ப’த்தில் செயலாளரின் அறிவிப்பு வந்தது: “நம் அனைவரின் விழிப்புணர்வால், நம் கட்டடம் பாதுகாப்பானது என்பது இன்று நிரூபணமாகியுள்ளது. வாழ்த்துகள்.” முப்பத்தெட்டுக் கூப்பிய கைகள். சிலர், கடைக்காரம்மாவுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று எழுதி, அழுகிற முகப் படமொன்றையும் சேர்த்தார்கள். கட்டை விரலுக்கு மேல் எந்த உறுப்புக்கும் வேலை வைக்காத வருத்தம் அது.

லாண்டரிக்காரம்மா அந்தக் குழுவில் இல்லை. யாரோ வந்து படித்துக் காட்டியபோது, புதுக்கதவுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே சொன்னார்:

“போன்ல போட்ட மன்னிப்பு எனக்கு வேண்டாம். கூப்பிட்ட பன்னெண்டு பேரும் இங்க வரட்டும். இந்த மேசைக்கு முன்னாடி நின்னு, ‘நான் பாக்கல, மோந்தும் பாக்கல, சொன்னாங்க, சொன்னேன்’னு ஒரு தடவை வாயால சொல்லட்டும். யாராவது துணி குடுக்க வந்து நிக்கறப்போ சொல்லணும். அப்புறம் அவங்க துணியை நான் தொடறேன்.”

கட்டடமே கொதித்தது. படித்தவர்களை அவமானப்படுத்துவதா என்றார்கள். ஆனால் அடுத்த சலவைக் கடைக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும். தன்மானத்துக்கும் அலுப்புக்கும் நடந்த போட்டியில் பெரும்பாலான வீடுகளில் அலுப்பே வென்றது.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு முதல் ஆளாக மேற்பார்வையாளர் போய் நின்றாள். பட்டியலில் அவள் பெயர் இல்லை, எவரும் அழைக்கவுமில்லை. மேசை முன் இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள்.

“நான் எண்ணிக்கையைப் பாத்தேன் அக்கா. ஆளைப் பாக்கல. பன்னெண்டுன்னதும் நம்பிட்டேன்.”

லாண்டரிக்காரம்மா மேசையில் கிடந்த துணிகளை ஒதுக்கி இடம் செய்தார். “சரி. பையை வைங்க. வியாழக்கிழமை வாங்க” என்றார். பழைய சிரிப்பு அதில் இல்லை. பல மாதங்கள் வரவுமில்லை. அவளுக்குப் பின்னால் நின்ற கணவர், தம் வாக்கியத்தை இரு முறை சொல்ல நேர்ந்தது. முதல் முறை காதில் விழவில்லை என்று லாண்டரிக்காரம்மா சொல்லிவிட்டார். டியூஷன் டீச்சர் ஒப்பிப்பதுபோல் சொன்னார். அலுவலகக்காரர்கள் நால்வரும் யாருமில்லாத நேரம் பார்த்து வந்தார்கள். வேறு யாராவது வரும்வரை அவர்களை அவர் நிற்க வைத்தார். மொத்தம் பத்துப் பேர். அந்தப் பத்துப் பேரும் அதன்பின் எதையாவது அனுப்புமுன் சற்றே விரல் தயங்குவதாகச் சொல்கிறார்கள். வாயால் சொல்லிப் பார்த்த வாக்கியம் தொண்டையில் தங்கிவிடும் போலும். அறிவு வந்துவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். மறுபடி அந்த மேசை முன் நிற்க அச்சம், அவ்வளவே.

கட்டுப்பாட்டு அறையில் கேள்வித் தாளில் அவள் ஒரு வரியைச் சேர்த்தாள்: “இதை உங்களுக்கு யாராவது அனுப்பினார்களா?” அனுப்பினார்கள் என்று வரும் அழைப்புக்கும் ஒரு வண்டி போகும், ‘உறுதி’க்கான கணக்கில் மட்டும் அது சேராது.

செயலாளர் வரவில்லை. தம் மனைவியிடம் பையைக் கொடுத்து அனுப்பினார்.

“மோந்தது நீங்களாம்மா?” என்று லாண்டரிக்காரம்மா கேட்டார்.

“நான் எங்க மோந்தேன்? அவர்தான்.”

“அப்போ மூக்கை வரச் சொல்லுங்க.”

அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி பையைத் திரும்ப எடுத்துப் போனார். செயலாளரும், ஆறாம் தளத்து இன்னொருவரும், வாரந்தோறும் தங்கள் சட்டைகளைச் சுமந்துகொண்டு இரண்டு பேருந்து மாறுகிறார்கள். போகும் வழியெல்லாம் குனிந்து எதையோ படித்துப் படித்துப் பகிர்ந்துகொண்டே போவதாகக் கேள்வி. இல்லை, கேள்வியில்லை; டியூஷன் டீச்சர் பேருந்தில் எதிர் இருக்கையில் உட்கார்ந்து, தம் கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.